கல்விக்காக வயலைத் தரிசாக்கிய மக்கள்: அய்யன்காளியின் பள்ளிப் போர்

கேரளத்தின் எழுத்தறிவைப் புகழ்ந்து பேசுவோர் அதற்கான பெருமையைப் பெரும்பாலும் இரண்டு தரப்பினருக்கே அளிக்கின்றனர். ஒன்று திருவிதாங்கூர் அரச குடும்பம். மற்றொன்று கிறித்தவ மிஷனரிகள். இருவரின் பங்களிப்பும் மறுக்கத்தக்கதன்று. எனினும், பொதுப் பள்ளியை உண்மையிலேயே பொதுவானதாக ஆக்கிய மூன்றாவது சக்தி ஒன்று உண்டு. தாம் ஓர் எழுத்தும் அறியாத நிலையில், தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று முடிவெடுத்த புலையர் சமூகத்துப் பெற்றோரே அந்தச் சக்தி. அவர்களைத் திரட்டிய அய்யன்காளியும் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரது வாழ்வைக் கல்வியுரிமையின் வரலாறாகப் படிப்பது இன்றைக்கும் தேவையாகிறது.

திறந்த கருவூலம், மூடிய கதவு

1817ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் கல்வி வரலாற்றில் இந்த ஆணை பெருமையுடன் குறிப்பிடப்படுவதுண்டு. ஆனால் அந்த ஆணையில் இருந்த மக்கள் என்னும் சொல்லுக்குள் புலையரும் பறையரும் குறவரும் அடங்கவில்லை. அன்று அவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் பட்ட அடிமைகளாக இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில்தான்.

சட்டம் மாறிய பின்னும் வாழ்க்கை மாறவில்லை. பொதுச் சாலையில் நடக்கத் தடை, சந்தைக்குள் நுழையத் தடை, மார்பை மறைக்கத் தடை, முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தத் தடை எனத் தடைகள் நீண்டன. அரசின் வரிப்பணத்தில் நடந்த பள்ளிகள் இருந்தன. அந்த வரிப்பணத்துக்கு அடிப்படையான நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகள் அப்பள்ளிகளின் வேலியைக்கூட நெருங்க முடியவில்லை. லண்டன் மிஷனரி சங்கம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு தென் திருவிதாங்கூரில் நடத்திய பள்ளிகளே அவர்களில் சிலருக்கேனும் எழுத்தின் வாசலைத் திறந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று அந்த அரசின் பகுதியாக இருந்ததால், இது தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறும் ஆகும்.

வெங்ஙானூரின் வில்வண்டி

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள வெங்ஙானூரில் 1863 ஆகஸ்ட் 28 அன்று அய்யன்காளி பிறந்தார். தந்தை அய்யன், தாய் மாலா. பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தையின் உழைப்பால் குடும்பத்துக்குச் சிறிது நிலம் கிடைத்திருந்தது. அக்காலத்துப் புலையர் குடும்பங்களுள் இது மிக அரிது. ஒருவேளைக் கஞ்சிக்கும் நிலவுடைமையாளரை அண்டி நிற்க வேண்டாத அந்தச் சிறு பிடிமானம், பின்னாளில் அவர் நிமிர்ந்து நிற்பதற்கு உதவியது. ஆனால் நிலம் இருந்தும் பள்ளி இல்லை. எந்தப் பள்ளியும் அவரை ஏற்கவில்லை. அவர் வாழ்நாள் முழுதும் எழுத்தறியாதவராகவே இருந்தார்.

இளமையில் தம் வயதொத்த இளைஞர்களைச் சேர்த்து உடற்பயிற்சியும் தற்காப்புக் கலைகளும் பழகினார். அடிக்கு அஞ்சாத ஒரு குழு அவரைச் சுற்றி உருவானது. 1893ஆம் ஆண்டில் அவர் செய்த செயல் திருவிதாங்கூரை உலுக்கியது. உயர்சாதியினர் மட்டுமே பயன்படுத்திவந்த வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். வெள்ளாடை உடுத்தி, தலைப்பாகை அணிந்து, மாடுகளின் கழுத்து மணி ஒலிக்கப் பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். தடுக்க வந்தவர்களை எதிர்கொண்டார். அதன்பின் பாலராமபுரத்தை ஒட்டிய சாலைகளிலும் சந்தைகளிலும் அவருடைய தோழர்கள் கூட்டமாக நடந்து சென்றபோது மோதல்கள் வெடித்தன. இரத்தம் சிந்தித்தான் சாலை பொதுவாயிற்று.

இக்காலத்தில் திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த தமிழரான அய்யாவு சுவாமிகளின் தொடர்பும் அவருக்குக் கிட்டியது. எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்ணச் செய்தவர் அய்யாவு. நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் அவரை நாடிச் சென்றவர்களே. அப்பந்தியில் அய்யன்காளியும் இடம்பெற்றார். ஒரே பந்தியில் உண்ணலாம் என்றால் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கவும் இயல வேண்டும்.

எரிக்கப்பட்ட முதல் பள்ளி

அரசுப் பள்ளிகள் கதவைத் திறக்கவில்லை. ஆகவே மக்கள் தாங்களே ஒரு பள்ளியை எழுப்பினர். 1904ஆம் ஆண்டளவில் வெங்ஙானூரில் ஓலைக் கூரையிட்ட குடிப்பள்ளிக்கூடம் ஒன்று அய்யன்காளியின் முயற்சியால் தொடங்கப்பட்டது. பலகையும் புத்தகமும் இல்லாத மணல் தரைப் பள்ளி அது. ஆதிக்கச் சாதியினர் அதற்குத் தீயிட்டனர். எரிந்த இடத்திலேயே மக்கள் மீண்டும் கூரை வேய்ந்தனர்.

இந்த நிகழ்வைக் கூர்ந்து நோக்க வேண்டும். தீட்டு என்று சொல்லித் தம் பள்ளிக்குள் அனுமதி மறுத்தவர்கள், புலையர் தமக்கெனத் தனியே அமைத்துக்கொண்ட பள்ளியையும் விட்டுவைக்கவில்லை. எனவே சிக்கல் தீட்டில் மட்டும் இல்லை. எழுத்தறிந்த ஒருவன் கூலியைக் கணக்குப் பார்ப்பான், பத்திரத்தைப் படிப்பான், மனு எழுதுவான். வயலில் மலிவான உழைப்பு வற்றிவிடும் என்ற அச்சமே தீப்பந்தமாக மாறியது. சாதி வழக்கம் என்று பேசப்பட்டதன் அடியில் நிலவுடைமையின் கணக்கு இருந்தது. அய்யன்காளி இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதை அவர் அடுத்துத் தேர்ந்த ஆயுதம் காட்டுகிறது.

1907ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கம் உருவானது. அதன் பெயரில் சாதி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. புலையர், பறையர், குறவர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட அனைவருக்குமான அமைப்பாகவே அது எண்ணப்பட்டது. ஊர்தோறும் கிளைகள் தோன்றின. சங்கத்துக்கென ஓர் இதழும் பின்னர் வெளிவந்தது. வழக்குகளுக்காக அரசு நீதிமன்றத்தை அண்ட முடியாத மக்களுக்காக வெங்ஙானூரில் சமுதாய நீதிமன்றம் ஒன்றும் செயல்பட்டது. இத்தனைக்கும் நடுவில் சங்கத்தின் முதன்மைக் கோரிக்கையாகப் பள்ளி நுழைவே இருந்தது.

ஆணை வந்தது, கதவு திறக்கவில்லை

சங்கத்தின் வற்புறுத்தலால் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஆணை 1907இல் பிறந்தது. ஆனால் கல்வித் துறையின் அதிகாரிகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் மறைத்தனர். தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாளர்களும் தங்களுக்கு எந்த ஆணையும் வரவில்லை என்று கைவிரித்தனர். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்குச் சென்ற பெற்றோர் அடித்து விரட்டப்பட்டனர்.

அரசாணை காகிதத்தில் இருக்க, கதவு மூடியே இருந்த அந்த ஆண்டுகளில்தான் வரலாறு காணாத வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை உழவில்லை, நடவில்லை, களையெடுப்பில்லை என்று வயல் தொழிலாளர்கள் அறிவித்தனர். தொழிலாளர்களைப் பொய் வழக்கில் சிக்கவைப்பதும் அடிப்பதும் நிற்க வேண்டும், பொதுச் சாலையில் நடமாடும் உரிமை வேண்டும், கூலி உயர வேண்டும் என்ற கோரிக்கைகளும் அதனுடன் இணைந்தன. கேரளத்தில் தொழிற்சங்கம் என்ற சொல்லே பரவாத காலம் அது. பொதுவுடைமைக் கட்சி அங்கே தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் இருந்தன. இந்திய உழைப்பாளர் வரலாற்றின் தொடக்ககால வேலைநிறுத்தங்களுள் ஒன்று, கூலியை மட்டும் முன்னிறுத்தாமல் பள்ளியை முன்னிறுத்தி நடந்தது என்பதைத் தொழிற்சங்க வரலாறுகள் இன்னும் போதிய அழுத்தத்துடன் எழுதவில்லை.

நிலவுடைமையாளர்கள் முதலில் ஏளனம் செய்தனர். பசி வந்தால் தானே திரும்பி வருவார்கள் என்று காத்திருந்தனர். பிறகு தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தனர். பழக்கமில்லாத உடல்கள் தாங்கவில்லை. நாற்று நட வேண்டிய வயல்களில் களை மண்டியது. மறுபுறம் புலையர் குடிசைகளில் பட்டினி சூழ்ந்தது. அடியாட்களின் தாக்குதலும் தொடர்ந்தது. அப்போது அய்யன்காளி கடற்கரைக்குச் சென்றார். விழிஞ்ஞம் பகுதி மீனவர்களிடம் பேசி, ஒரு படகுக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் வேலைநிறுத்தத் தொழிலாளர்களை ஏற்றுக்கொள்ளச் செய்தார். வலையில் கிடைத்த பங்கு வயலை மறுத்த குடும்பங்களுக்கு உணவாயிற்று. தாமும் வறுமையில் உழன்ற மீனவர்கள் அன்று காட்டிய தோழமை இல்லாதிருந்தால், அந்தப் போராட்டம் முதல் பருவத்திலேயே முறிந்திருக்கக்கூடும்.

முடிவில் அரசு தலையிட்டது. நடுவராக அமர்த்தப்பட்ட நாகன் பிள்ளை முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. கூலியும் சாலையும் பள்ளியும் கொள்கை அளவிலேனும் ஒப்புக்கொள்ளப்பட்டன.

குதிரையும் எருமையும்

1910இல் பள்ளி நுழைவு ஆணை வெளிப்படையாக நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பு புதிய முகத்துடன் எழுந்தது. அரசின் ஊழலை அஞ்சாமல் எழுதியவரும், அதற்காக அதே ஆண்டில் நாடு கடத்தப்பட்டவருமான சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை, இந்தக் கேள்வியில் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர்களின் பிள்ளைகளையும் நிலத்தை உழுதவர்களின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்துவது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பாகும் என்ற பொருள்பட அவர் தலையங்கம் எழுதினார்.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. தீட்டு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே தீட்டைக் காக்கும் வழி அங்கே முதன்முதலாக நாகரிக மொழியில் வடிவம் பெற்றது. தரம் கெட்டுவிடும், கற்றல் வேகம் குறையும், நம் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்ற இன்றைய பேச்சுகளின் வேர் அந்தத் தலையங்கத்தில் கிடக்கிறது. சுதந்திர எழுத்தின் அடையாளமாகப் போற்றப்படும் ஒருவரே பள்ளிக் கதவின் முன் சாதியின் காவலராக நின்றார். முற்போக்கை அரசியலில் மட்டும் அளப்பது போதாது. எவருடைய பிள்ளையின் அருகில் தம் பிள்ளையை அமர்த்த ஒருவர் சம்மதிக்கிறார் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஊருட்டம்பலம்

1910களில் நடந்த ஊருட்டம்பலம் நிகழ்வு இப்போராட்டத்தின் உச்சம். பூஜாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு, அரசின் ஆணையைக் கையில் ஏந்தி, அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் மறுத்தார். மறுப்பை மீறிச் சிறுமி வகுப்பில் அமர்த்தப்பட்டாள். கைகலப்பு மூண்டது. புலையச் சிறுமி அமர்ந்த பள்ளி இனி எங்களுக்கு வேண்டாம் என்று ஆதிக்கச் சாதியினர் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தனர். சுற்றுவட்டார ஊர்களில் குடிசைகள் தாக்கப்பட்டன. பெண்களும் முதியோரும் காயமுற்றனர். ஒடுக்கப்பட்ட மக்களும் திருப்பி நின்றனர். திருவல்லாவை அடுத்த புல்லாட்டிலும் இதே காரணத்துக்காகப் பள்ளி எரிக்கப்பட்டது.

பொதுச் சொத்தை எரிப்பதன் பொருள் வெளிப்படையானது. தம் பிள்ளைகளின் படிப்பு கெட்டாலும் சரி, பிறர் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதே அது. அந்தத் தீயில் முழுதும் கருகாமல் எஞ்சிய பெஞ்சு ஒன்று அந்தப் பள்ளியில் நீண்டகாலம் பாதுகாக்கப்பட்டது. அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயரையும் அந்த அரசுப் பள்ளிக்கே சூட்டிக் கேரள அரசு 2022இல் அவர்களைப் போற்றியது. ஒரு நூற்றாண்டு கடந்து வந்த அங்கீகாரம் அது.

வெங்ஙானூரில் புலையர் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு 1914இல் அரசின் அனுமதி கிடைத்தது. கற்பிக்க ஆசிரியர் கிடைக்கவில்லை. பலர் மறுத்த பின் திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேஸ்வரன் பிள்ளை முன்வந்தார். தொடக்க நாளிலேயே பள்ளி தாக்கப்பட்டதால், அவரைப் பள்ளிக்கு அழைத்துவரவும் திரும்பக் கொண்டுவிடவும் காவலர் துணை தேவைப்பட்டது. ஓர் ஆசிரியர் எழுத்தைக் கற்பிக்கக் காவலுடன் வர வேண்டியிருந்த அந்தக் காட்சியே அக்காலத்துத் திருவிதாங்கூரின் உண்மை முகம்.

சபையில் ஒலித்த குரல்

1911 டிசம்பரில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதற்கு முன் புலையரின் சார்பாகப் பேச நியமிக்கப்பட்டிருந்தவர், சுபாஷிணி இதழின் ஆசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை. அம்மக்களின் துன்பத்தைச் சொல்ல அவர்களுள் ஒருவரே வர வேண்டும் என்று அவர் அரசிடம் எடுத்துரைத்தார். அதன் விளைவாகவே நியமனம் நிகழ்ந்தது. பிறருக்காகப் பேசும் இடத்தில் இருந்தவர் அந்த இடத்தை உரியவருக்கு விட்டுக்கொடுத்தது அரிய செயல்.

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சபையில் இருந்தார். அங்கே அவர் மீண்டும் மீண்டும் எழுப்பியவை பெரிதும் இரண்டு கோரிக்கைகள்: குடியிருக்கவும் பயிரிடவும் நிலம், பிள்ளைகளுக்குக் கல்வி. எந்தெந்தப் பள்ளிகளில் இன்னும் சேர்க்கை மறுக்கப்படுகிறது என்பதைச் சபையில் எடுத்துச் சொன்னார். கட்டணச் சலுகை, உதவித்தொகை, படித்தவர்களுக்கு அரசு வேலை ஆகியவற்றைக் கேட்டார். நிலத்தையும் பள்ளியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. தங்குவதற்கு உறுதியான இடம் இல்லாத குடும்பத்தின் பிள்ளை பள்ளியில் நிலைக்காது என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், சாதி அடையாளமாகச் சுமத்தப்பட்ட கல்லுமாலையைப் புலையப் பெண்கள் அறுத்தெறிந்த போராட்டத்திலும் அவரது வழிகாட்டல் இருந்தது. கழுத்தில் இழிவைச் சுமந்த தாய், பிள்ளையின் கையில் பலகையைக் கொடுத்துப் பள்ளி வாசலில் நிமிர்ந்து நிற்க முடியாது. மாலையை அறுத்ததும் பள்ளியைக் கேட்டதும் ஒரே போராட்டத்தின் இரு பகுதிகள்.

1936 நவம்பரில் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது. அடுத்த சில வாரங்களில், 1937 ஜனவரியில், காந்தி வெங்ஙானூருக்கு வந்து அவரைச் சந்தித்தார். கோயில் கதவு திறந்த களிப்பில் நாடு திளைத்த அவ்வேளையில் அய்யன்காளி வெளியிட்ட விருப்பம் கல்வியைப் பற்றியது. தாம் கண் மூடுமுன் தம் சமூகத்தில் பத்துப் பேரேனும் பி.ஏ. பட்டம் பெற்றுக் காண வேண்டும் என்பதே அது. 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார்.

நமக்கு விட்டுச் சென்றது

அய்யன்காளியின் வாழ்விலிருந்து பொதுப் பள்ளிக்காகப் போராடுவோர் கற்க வேண்டியவை சில உண்டு. தனிப் பள்ளியைத் தேவைக்காகக் கட்டிய அவர், பொதுப் பள்ளியின் மீதான உரிமையை ஒருபோதும் கைவிடவில்லை. ஆணை கிடைத்ததோடு போராட்டத்தை முடித்துக்கொள்ளாமல், அது ஒவ்வொரு பள்ளி வாசலிலும் செயல்படுகிறதா என்று பிள்ளையைக் கையில் பிடித்துச் சென்று சோதித்தார். கோரிக்கையை முன்வைத்தவர்கள் கல்வியாளர்கள் அல்லர், பெற்றோர். அவர்களிடம் இருந்த ஒரே வலிமையான உழைப்பையே அவர்கள் பேரம் பேசும் ஆற்றலாக மாற்றினர்.

அன்று பெற்றோர் பட்டினி கிடந்து பெற்ற இடத்தை இன்று சட்டமே தருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினர் பெற்றோராக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் நிதிச் செலவைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணிகள். ஆனால் அந்தக் குழுக்களில் தலித் பெற்றோர் கையொப்பமிட மட்டுமே அழைக்கப்படும் நிலை இருக்குமானால், 1907இன் மறைக்கப்பட்ட ஆணைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

அய்யன்காளியின் மண்ணிலேயே கணக்கு இன்னும் தீரவில்லை. கேரளத்தின் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு ஊதியம் தருவது அரசு. நியமிப்பது தனியார் நிர்வாகம். அந்த நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு இல்லை என்பதை எதிர்த்துத் தலித் அமைப்புகள் நெடுங்காலமாகக் குரல் எழுப்பி வருகின்றன. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியின் மாணவர் இருக்கை திறந்துவிட்டது. ஆசிரியர் நாற்காலி இன்னும் பலருக்குத் திறக்கவில்லை.

பிரஜா சபை கூடிய திருவனந்தபுரத்து மண்டபம் 2019 முதல் அய்யன்காளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெள்ளயம்பலத்தில் அவரது சிலை இருக்கிறது. சிலைக்கு மாலையிடும் அரசுகளிடம் அவர் பெயரால் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதிகளில் உள்ள அரசுப் பள்ளிகளுக்குப் போதிய ஆசிரியர் உண்டா? பிள்ளைகள் குறைந்துவிட்டனர் என்று சொல்லி அவற்றை மூடுவதற்கு முன், அவர்கள் ஏன் வெளியேறினர் என்று பெற்றோரிடம் எவரேனும் கேட்டார்களா? இக்கேள்விகளை அந்தந்த ஊரின் பள்ளி வாசலில் நின்று பெற்றோரே கேட்கும்போதுதான் விடை கிடைக்கும் என்பதை வெங்ஙானூரின் வரலாறு உறுதிப்படுத்துகிறது.